ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்

எங்கள் ஊருக்குள் நுழையும் சாலையில், கோதுமை சேமிக்கும் சைலோக்களுக்குச் சற்று முன்னால், ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. மேலே ஊரின் பெயர், கீழே மக்கள்தொகை. பலகை நேராக நிற்கிறதா, எழுத்து மங்காமல் இருக்கிறதா, எண் பழையதாகிவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. ஷயர் கவுன்சில் எனப்படும் வட்டார உள்ளாட்சியில் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பான பொறியாளர் நான். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஊர் எது என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டு வாசலில் லாரி நின்று சாமான் ஏற்றினால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய எண் என்று மட்டும் சொல்கிறேன்.

சிட்னியிலிருந்து மலையைக் கடந்து மேற்கே பல மணி நேரம் வண்டி ஓட்டினால் இங்கே வரலாம். இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்குக் கவுன்சில் அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை என்று வருகிற நண்பர்கள் எல்லாரும் கேட்பார்கள். நம் கணக்கில் சொன்னால் இது ஒரு தாலுகா தலைமையிடம். அப்படி ஆனதற்குக் காரணம் ஓடை.

முதலில் ஊர் இருந்தது ஓடைக்கு அந்தப் பக்கம். இந்த மண்ணின் மூத்த குடிகள் அங்கிருந்த மேட்டில் காலங்காலமாகத் தங்கியவர்கள். ஊரின் பெயரே அவர்கள் மொழிச் சொல்தான். மியூசியத்தில் இருக்கும் விளக்கப் பலகை அவர்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, ஆட்டு மந்தையுடன் வந்த வெள்ளைக்காரர்களிடம் போய்விடுகிறது. பிறகு தங்கம் தேடி வந்தவர்கள். அவர்களுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுத்த சீனர்கள். தங்கம் தீர்ந்ததும் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதன் பிறகு ரயில் வந்தது. ரயில்காரர்கள் ஓடையின் மேல் இரும்புப் பாலம் கட்டி, ஸ்டேஷனை இந்தப் பக்கம் வைத்தார்கள். ரயிலில் வந்து இறங்கிய நீதிபதி வெள்ளக் காலத்தில் ஓடையைத் திரும்பக் கடந்து அந்தப் பக்க நீதிமன்றத்துக்குப் போக முடியாமல் விடுதியிலேயே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாராம். அதனால் நீதிமன்றத்தை இந்தப் பக்கம் மாற்றினார்கள். நீதிமன்றத்தின் பின்னாலேயே வங்கியும் தபால் நிலையமும் கவுன்சிலும் வந்தன. அந்தப் பக்கத்தில் இப்போது மிச்சம் இருப்பது கல்லறைத் தோட்டமும் ஒரு செங்கல் புகைபோக்கியும்தான்.

ரயிலும் ஒருநாள் நின்றது. பெரிய இயந்திரங்கள் வந்தபின் வயலில் ஆள் தேவைப்படவில்லை. பிள்ளைகள் படிக்கப் போன நகரத்திலேயே தங்கினார்கள். காலியான வேலைகளுக்கு எங்களைப் போன்றவர்கள் வந்தோம், நகரத்துக்கு வெளியே வாழவேண்டும் என்ற நிபந்தனையுள்ள விசாவில். நிபந்தனைக் காலம் முடிந்ததும் சிட்னியில் வென்ட்வேர்த்விலுக்கோ மெல்பர்னில் மல்கிரேவுக்கோ போய்விடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படிப் போன நான்கைந்து குடும்பங்களுக்கு என் மனைவி வழியில் சாப்பிடப் புளியோதரை கட்டிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் காலம் முடிந்தபோது நாங்கள் போகவில்லை. காரணம் அவள் வேலை. ஊர்ப் பள்ளியில் அவள் மூன்றாவது ஆசிரியை.

அந்த மூன்றாவது இடம் நிரந்தரமில்லாதது. பள்ளி திறந்து சில நாளில் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் தலையை எண்ணிக் கணக்கைக் கல்வித் துறைக்கு அனுப்புவார்கள். எண்ணிக்கை போதுமானால் மூன்று ஆசிரியர்கள், குறைந்தால் இரண்டு. அந்த இடம் போனால் அவள் தினமும் போய்வரும் தூரத்தில் வேறு பள்ளி இல்லை. "இந்த வேலை போச்சுன்னா நான் சிட்னிக்குக் கிளம்பிடுவேன். வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருக்க என்னால ஆகாது" என்று ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்வாள். அது பயமுறுத்தல் அல்ல. எங்கள் மகள் வென்ட்வேர்த்விலில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தங்கிப் பல்கலைக்கழகம் போகிறாள். அங்கே அம்மாவுக்கு ஒரு கட்டில் எப்போதும் உண்டு.

அந்த வருடம் எண்ணிக்கை மயிரிழையில் போதுமானதாக இருந்தது. ஐந்து வயது இரட்டையர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், புதிதாகச் சேர இருந்ததால்.

இரட்டையரின் அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அப்பாவுக்குச் சைலோவில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர்கள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். சிட்னியில் இருந்திருந்தால் கோயிலில் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போயிருப்போம். இங்கே அப்போது தமிழ் பேசும் வீடு எங்கள் இரண்டும்தான் என்பதால் சொந்தம்போல ஆகிவிட்டோம். டிசம்பரில் ஒரு மாலை இருவரும் வந்திருந்தார்கள். நர்ஸம்மா எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, தம்பிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. தைக் கடைசியில நாள் வச்சிருக்கினம்."

"நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?" என்றாள் மனைவி.

"பள்ளிக்கூடம் துடங்கிற நேரமெல்லோ. பிள்ளையள் முதன்முதலாப் போகவேணும். இவர் சொல்லுறார், என்னை மட்டும் போயிட்டு வரட்டாம். தான் பிள்ளையளோட நிக்கிறாராம்."

"நான் சமைச்சுக் குடுப்பன்" என்றார் கணவர்.

"நீங்கள் சமைச்சா பிள்ளையள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனிட்ட ஓடிப்போயிடுங்கள்."

மனைவி சிரித்தபடியே சொன்னாள். "மாமன் கல்யாணத்துக்குப் பிள்ளைங்க இல்லாமலா? நாத்தனார் முடிச்சு நீதானே போடணும்?"

"எங்கட பக்கம் அது இல்லை அக்கா. ஆனா தோழி நான்தான். பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாறது நான்."

"அப்புறம் என்ன? கிண்டர்கார்டன்ல முதல் ரெண்டு வாரம் பாட்டும் களிமண்ணும்தான். நான்தானே டீச்சர், நான் சொல்றேன். நாலு பேரும் போயிட்டு வாங்க."

நானும் தலையாட்டினேன். தையில் கல்யாணம் என்றால் தையில்தான். அதில் யோசிக்க எங்கள் நால்வரில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பள்ளி திறந்த வாரம் தலைமையாசிரியை என் மனைவியை அறைக்கு அழைத்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். கல்வித் துறை எதையாவது கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புகிறவர். அன்று மாலை வீட்டுக்கு வந்த மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"புதுசாச் சேர்ற பிள்ளை அதுக்குள்ள ஒரு தடவையாவது வந்து வகுப்புல உக்காந்திருக்கணுமாம். பேர் எழுதிக் குடுத்தது கணக்கில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணுறாங்க. அந்த ரெண்டு பேர் வரலைன்னா ரெண்டு குறையுது."

"இந்த விதி முன்னாலயே இருந்ததா?"

"இருந்திருக்கு. எப்பவும் புதுப் பிள்ளைங்க மொத நாளே வந்துடும். அதனால யாரும் பேச வேண்டியே வரலை." பையை மேசையில் போட்டாள். "லீவு ஆறு வாரம் இருந்ததே, அதுல கல்யாணத்தை வச்சிருக்கலாமேன்னு கேட்டாங்க. மார்கழில எங்க ஆளுங்க கல்யாணம் பண்ண மாட்டாங்கன்னேன். ஒரு மாசம் முழுக்க ஒருத்தருமேவான்னாங்க. ஒருத்தருமேன்னேன். சரி, அது முடிஞ்ச உடனே வைக்கிறதுதானேன்னாங்க. பொண்ணு நட்சத்திரம், மாப்பிள்ளை நட்சத்திரம்னு இதெல்லாம் எப்படிங்க இங்கிலீஷ்ல சொல்றது?"

"நீ என்ன சொன்னே?"

"மண்டபம் கிடைக்கலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குப் போன் செய்தோம். அங்கே பந்தல் போடும் சத்தம், யாரோ யாரையோ விரட்டும் சத்தம். மனைவி நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பிறகு கணவர் போனை வாங்கினார்.

"அக்கா, நான் பிள்ளையளைக் கொண்டு வாறன். கலியாணம் ஞாயிறு. செவ்வாய் வெளிக்கிட்டா வியாழன் சிட்னியில நிப்பம். வெள்ளி விடிய வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள்ள ஊருக்கு வந்திடுவம். இவ பிறகு வரட்டும்."

பின்னால் ஒரு வயதான குரல் கேட்டது. அவருடைய மாமியார். "நாலாம் சடங்கு முடியமுன்னம் வீட்டு மருமோன் வெளிக்கிடுறதோ? சனம் என்ன கதைக்கும்? ரீச்சற்ற வேலை முக்கியமோ, என்ர பிள்ளையின்ர சடங்கு முக்கியமோ?"

மனைவி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். "வேணாம் தம்பி. பெரியவங்க மனசு கஷ்டப்படுது."

"அக்கா, நீங்கள் போயிட்டா அந்தப் பள்ளிக்கூடத்தில என்ர பிள்ளையளிட்ட 'வா, சாப்பிட்டியா' எண்டு கேக்க ஆர் இருக்கினம்? நான் உங்களுக்காக வரேல்லை. எனக்காக வாறன்."

அடுத்த வாரம் முழுவதும் நாங்கள் வேறு எதையும் பேசவில்லை என்றே சொல்லலாம். ஞாயிறு கல்யாணம் நடந்தது. படங்கள் வந்தன. பச்சைப் பட்டில் நர்ஸம்மா மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரட்டையர் அழுத முகத்துடன் ஓரமாக நின்றார்கள். செவ்வாய்க்கிழமை, "வெளிக்கிட்டம்" என்று ஒரு செய்தி. வியாழன் காலை சிட்னியில் இறங்கியாகிவிட்டது. பிள்ளைகள் களைத்திருந்ததால் அன்றிரவு வென்ட்வேர்த்விலில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கல். மனைவி அன்று முதல் முறையாக முழுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

வியாழன் பிற்பகல் மலைப்பக்கம் கறுத்தது.

எங்கள் ஊரில் ஒரு துளி விழவில்லை. ஆனால் ஓடைக்குத் தண்ணீர் வருவது மலையிலிருந்து. அங்கே பெய்தால் மறுநாள் இங்கே தெரியும். சிட்னிச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் இருப்பது ஒரு தரைப்பாலம், தண்ணீருக்கு மேல் இரண்டடி உயரத்தில் ஒரு கான்கிரீட் தளம், அவ்வளவுதான். ஓரத்தில் ஓர் அளவுக்கம்பம் நட்டிருக்கிறோம். அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் சாலையை மூட வேண்டும். முன்பு ஒரு வெள்ளத்தில் ஒரு காரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஓட்டியவர் யூக்கலிப்டஸ் கிளையொன்றைப் பிடித்துப் பிழைத்தார். அதன் பிறகு கோட்டின் உயரத்தை முடிவு செய்து விதியை எழுதியவன் நான்.

வெள்ளி விடிகாலையில் இரட்டையரின் அப்பா அழைத்தார். "வெளிக்கிட்டாச்சு அண்ணை. ரெண்டு பேரும் யூனிபோர்மோட இருக்கினம். பிள்ளையளின்ர தாய் போனில நிண்டு சொல்லச் சொல்லப் போட்டுவிட்டனான். ஸ்டேஷனடிக் கடையில நேற்றே இடியப்பம் கட்டி வாங்கி வச்சனான்."

"வழியில மழை எப்படி?"

"இங்க நல்லாப் பெய்யுது."

நான் நேராக ஓடைக்குப் போனேன். தண்ணீர் சேற்று நிறத்தில், தளத்துக்குக் கீழே நுரைத்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மேல் தளத்தின் மீது ஏறியது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வண்டி கடந்தது. தபால் வண்டி கடந்தது. மலை இறக்கத்தில் இருக்கிறோம் என்று அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்போது கோட்டுக்குக் கீழே கையகலம் மிச்சம் இருந்தது. பிறகு விரலகலம். நான் இறங்கி நின்றேன். ஏதோ ஓர் அலை கோட்டை நனைத்துவிட்டு இறங்கியது. அடுத்தது இறங்கவில்லை.

அந்தப் பக்கத் தடுப்பை மூடும் பொறுப்பை அங்கே இருக்கும் ஒரு விவசாயியிடம் கொடுத்திருக்கிறோம். அவருக்குப் போன் செய்தேன். அவர் தடுப்பை இழுப்பது தெரிந்தது. இந்தப் பக்கத் தடுப்பை நான் இழுத்துப் பூட்டினேன். பிறகு இரட்டையரின் அப்பாவை அழைத்தேன்.

"மூடிட்டேன்."

"என்னத்தை?"

"தரைப்பாலத்தை."

அவர் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "அண்ணை, நீங்களே மூடினனீங்கள்?"

"நான்தான் மூடணும்."

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டீங்களே?"

"இனிமேதான்."

அதற்கும் அவர் வண்டியைத் திருப்பவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் அந்தப் பக்கக் கல்லறைத் தோட்டத்தின் அருகே வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்து, பச்சைப் பள்ளித் தொப்பி போட்ட இரண்டு சின்ன உருவங்கள் இறங்கின. தொப்பி பெரிது. முகம் தெரியவில்லை. பழைய ஊர் இருந்த மேட்டில் அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஓடிய தண்ணீரில் ஒரு வேலிக்கம்பு கம்பியோடு உருண்டு போனது.

பள்ளி மதிய இடைவேளையில் மனைவி தன் காரில் வந்தாள். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை அப்படியே தொங்கியது.

"தண்ணி எறங்குமா?"

"இன்னும் ஏறும்."

"மூணு மணிக்குள்ள?"

"இல்லை."

"சுத்தி வந்தா?"

"தெற்கு வழியை அந்த ஷயர்காரங்க காலையிலயே மூடிட்டாங்க. வடக்கால வந்தா இருட்டிடும்."

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். இரண்டு தொப்பிகளும் அசைந்தன. அவர்கள் கையாட்டினார்கள். அவளும் கையாட்டினாள். பிறகு திரும்பி, ஓடையின் மேல்பக்கம் கைகாட்டினாள்.

"அதோட சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

அவள் காட்டியது பழைய ரயில் பாலம். தண்ணீருக்கு வெகு உயரத்தில், காலி வானத்தில் நின்றது. ரயில் நின்றபின் துருப்பிடித்துக் கிடந்த அதை நடைபாதையாக்கும் வேலையை அந்த ஆண்டுதான் கவுன்சில் தொடங்கியிருந்தது. பலகை முழுவதும் பதித்தாகிவிட்டது. ஒரு பக்கக் கைப்பிடி முடிந்திருந்தது. மறுபக்கத்தில் அந்தக் கரையை ஒட்டிய கடைசிப் பகுதிக்குக் கம்பிவலை வந்து சேரவில்லை. இரண்டு முனையிலும் கதவு போட்டுப் பூட்டியிருந்தேன். வேலை முடிந்து நான் கையெழுத்துப் போடும்வரை யாரும் நடக்கக்கூடாது என்று கவுன்சில் கூட்டத்தில் சொன்னதும் நான்தான்.

"ஒரு பக்கம் வலை இல்லை" என்றேன்.

"இன்னொரு பக்கம் இருக்கில்ல?"

"அஞ்சு வயசுப் பிள்ளைங்க."

"அவர் ஒண்ணைத் தூக்கிக்கட்டும். நீங்க போய் ஒண்ணைத் தூக்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை. நான் கார்ல ஏத்திட்டுப் போய் உக்கார வச்சுடறேன்."

நான் சாவியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன், அவளும் பின்னால் வந்தாள். கதவைத் திறந்து தனியாகப் பாலத்தில் ஏறினேன். புதுப் பலகைகள் அப்போதுதான் தொடங்கிய தூறலில் வழுக்கின. நடுவில் நின்று கீழே பார்த்தேன். பாலம் இறுகித்தான் நின்றது. அந்தக் காலத்து வேலை. இன்னும் கொஞ்சம் நடந்து, வலை முடியும் இடத்துக்கு வந்தேன். அங்கே என் இடப்பக்கம் ஒன்றும் இல்லை. காற்று மட்டும். எதிர்முனைக் கதவருகே அவர் இரண்டு பிள்ளைகளுடன் வந்து நின்றிருந்தார். கை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினேன்.

அப்போது மேலிருந்து ஒரு முழு மரம் வேரோடு வந்து தூணில் இடித்தது. சத்தம் பெரிதில்லை. ஆனால் என் உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்றும் எனக்குத் தெரியும். இருந்தும் என் கை தானாகக் கம்பியைத் தேடி இடப்பக்கம் நீண்டது. அங்கே பிடிக்க எதுவும் இருக்கவில்லை.

திரும்பி நடந்து வந்து கதவைப் பூட்டினேன்.

"என்ன?" என்றாள்.

"இல்லை."

"இல்லைன்னா?"

"கூட்டிட்டு வர முடியாது."

அவள் முகம் சிவந்தது. "உங்க ரோடு. உங்க பாலம். உங்க ரூலு. என் வேலை மட்டும் யாரோடது?"

அவளுக்குப் பின்னால் எதிர்முனையைப் பார்த்தேன். அந்தப் பக்கக் கதவு மார்பளவு உயரம்தான். அவர் மகளை இரு கையாலும் தூக்கிக் கதவுக்கு மேல் கொண்டுவந்திருந்தார். பெண்ணின் கால்கள் பாலத்தின் பக்கம் தொங்கின. மகன் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான்.

என் முகத்தைப் பார்த்து மனைவி திரும்பினாள். அடுத்த நொடி அவள் கதவுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முப்பது பிள்ளைகள் ஓடும் மைதானத்தை நிறுத்தும் குரல் அது.

"இறக்கி விடுங்க! அந்தப் பக்கம்! இப்பவே!"

தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அது போய்ச் சேர்ந்தது. அவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகப் பிள்ளையைப் பின்னால் இழுத்துத் தரையில் விட்டார். போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கேற் சின்னன்தானே. ஒண்டைக் கொண்டுவந்து அண்ணையிட்டக் குடுத்துப்போட்டு மற்றதுக்குத் திரும்பிப் போறன்."

"ஒண்ணைத் தூக்கிட்டு நீங்க நடந்தா, அங்க நிக்கிறது சும்மா நிக்குமா? உங்க பின்னாடியே கதவுல ஏறும். இல்லைன்னா தண்ணியப் பாக்க இறங்கும். எனக்கு அஞ்சு வயசுப் பிள்ளைங்களத் தெரியும் தம்பி. வேணாம்."

"அப்ப உங்கட வேலை?"

"என் வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க பிள்ளைங்களப் பாத்துக்கங்க."

"சடங்கையும் விட்டுட்டு வந்தனான்" என்றார் அவர். "மாமியின்ர முகத்தில இனி எப்பிடி முழிக்கிறது?"

"என்மேல பழியப் போடுங்க. டீச்சர் கூப்பிட்டாங்கன்னு."

"அதை ஏற்கெனவே போட்டாச்சு" என்றார். மனைவி தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு ஒரு சின்னக் குரல் போனுக்கு வந்தது. "ஹலோ மிஸ்! ஐ காட் எ ஹேட்!"

"பாத்தேன்டா. பச்சைத் தொப்பி. ரொம்ப அழகா இருக்கு. சாப்பிட்டியா?"

"நோ. அப்பா செட் ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

"ஸ்கூல் திங்கக்கிழமை. இப்ப சாப்பிடு."

அவர்கள் புகைபோக்கியின் அருகே உட்கார்ந்து இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மனைவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். அடுத்த வகுப்புக்கு அவள்தான் போக வேண்டும். நான் மாலைவரை தடுப்பருகே நின்றேன். எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்று பள்ளி மணியைக் கேட்டிருக்கிறேன். அன்று தண்ணீர் இரைச்சலில் அது கேட்கவில்லை.

அவர்கள் திரும்பிப்போய் வழியில் இருந்த பக்கத்து ஊரில் தங்கினார்கள். ஞாயிறு காலை தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. தளத்தில் படிந்த சேற்றை வழித்து, நானே தடுப்பைத் திறந்துவிட்டேன். முதலில் கடந்தது அந்த வெள்ளைக் கார்தான். திங்கட்கிழமை இரட்டையர் என் மனைவியின் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை வெள்ளிக்கிழமையே போய்விட்டிருந்தது. தலைமையாசிரியை மேலே இரண்டு முறை எழுதிப் பார்த்தார். இந்தப் பருவம் முடியும்வரை மூன்றாவது ஆசிரியை இருக்கலாம், பிறகு இரண்டு பேர் போதும் என்று பதில் வந்தது.

மாதக் கடைசியில் திரும்பி வந்த நர்ஸம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலிலேயே நின்றார். "நாங்கள் போயிருக்கக்கூடாது அக்கா."

"பைத்தியம். தம்பி கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியுமா? வா, உள்ள வந்து உக்காரு. பலகாரம் எங்க?"

என்னோடு மனைவி சில வாரங்கள் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு மாலை தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த வலை வந்துச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது, மாட்டியாகிவிட்டது என்றேன். "அது கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றாள். பருவம் முடிந்ததும் சிட்னியில் மெரிலேண்ட்ஸில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது மகளுடைய ஃபிளாட்டில் தங்குகிறாள். முடிகிற வாரக்கடைசிகளில் வருகிறாள். அவள் கிளம்பிய அன்று எங்கள் வாசலில் லாரி எதுவும் நிற்கவில்லை. இரண்டு பெட்டிதான். இருந்தும் மாலைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

குளிர்காலத்தில் புதிய பலகை வந்தது. கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றிய எண். அதை எடுத்தபோது மனைவி இங்கே இருந்தாள். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, ரசமட்டம் வைத்து நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். சைலோ பக்கமிருந்து வெள்ளைக் கார் வந்து மெதுவாக நின்றது. பின்னால் இரட்டையர். இப்போது தொப்பி ஓரளவு பொருந்துகிறது.

அவர் கண்ணாடியை இறக்கி எண்ணைப் படித்தார்.

"அண்ணை, இதில அக்காவையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கு?"

"ஆமா."

"அப்ப கணக்குப் பிழை."

"ஒண்ணு அதிகம்."

எனக்குத் தெரிந்தே தவறான எண்ணை நான் எந்தப் பலகையிலும் மாட்டியதில்லை. திருகுச்சாவி கையிலேயே இருந்தது. அவர் பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இருக்கட்டும். இறுக்கிவிடுங்கோ" என்றார்.

நான் கடைசித் திருகாணியையும் இறுக்கினேன்.